தகாதது வேறு, அழகல்லாதது வேறு

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசியதற்காக என் அண்ணனிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் ‘அன்பிகமிங்’ என்றொரு சொல். அகராதியில் ‘தகாத’ என்று போட்டிருக்கிறது. ‘தகாத நடத்தையா?’ என்று அம்மா அழுதுவிட்டார். இதற்குச் சரியான பொருள் என்ன? ‘இன்அப்ரோப்ரியேட்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: முதலில் அம்மாவைத் தேற்றுங்கள். அகராதி சொன்னது தப்பில்லை, ஆனால் ‘தகாத உறவு’, ‘தகாத வார்த்தை’ என்று செய்திகளில் படித்துப் படித்து அந்தத் தமிழ்ச் சொல்லில் ஒரு கறை ஏறிவிட்டது. ஆங்கிலச் சொல்லில் அந்தக் கறை கிடையாது.

‘பிகம்’ என்றால் ‘ஆகு’ என்றுதான் பள்ளியில் படித்தோம். ‘பொருந்து, எடுப்பாக இரு’ என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு. உடுத்திய நிறம் ஒருவருக்கு எடுப்பாக இருந்தால் ‘பிகமிங்’, எடுபடாவிட்டால் ‘அன்பிகமிங்’. உடையில் ஆபாசம் எதுவும் இல்லை, அவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இதே சொல்தான் நடத்தைக்கும் வருகிறது.

என்னைக் கேட்டால் இதற்கு அச்சு அசலான தமிழ் ‘அழகல்லாத’ என்பதுதான். ‘இது உங்களுக்கு அழகா?’ என்று பெரியவர் ஒருவரைப் பார்த்துக் கேட்கிறோமே, அங்கே முக அழகையா சொல்கிறோம்? ‘செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல்’ என்று வெற்றிவேற்கை சொல்லும் அழகும் இதுதான். தோற்றத்துக்கான சொல்லையே நடத்தைக்கும் எடுத்துக்கொள்வதில் இரண்டு மொழிகளும் ஒன்றாக நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அதனால் இந்தச் சொல் வந்தாலே ‘யாருக்கு?’ என்று கேட்க வேண்டும். இளையவர் ஒருவர் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கையை நீட்டுகிறார், தலைமை வகிப்பவர் ஒரு வரிகூடப் படிக்காமல் அதை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிடுகிறார். திட்டவில்லை, விதி எதையும் மீறவில்லை. ஆனாலும் அது ‘அன்பிகமிங்’, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருப்பது தலைவர் நாற்காலியில். அதையே ஐந்து வயதுக் குழந்தை செய்தால் இந்தச் சொல்லைப் போட முடியாது. ‘இன்அப்ரோப்ரியேட்’ அப்படியில்லை, இடத்துக்கும் நேரத்துக்கும் ஒவ்வாதது எல்லாவற்றுக்கும் வரும்: துக்க வீட்டில் அடிக்கும் ஜோக், வேலைக்கான மின்னஞ்சலில் போடும் பொம்மை முகம் எல்லாம் அந்த வகை. எழுதும்போது ‘அன்பிகமிங்’குக்குப் பின்னால் ‘ஆஃப்’ போடுங்கள், ‘டு’வும் சரிதான்.

சொல் மென்மை என்பதற்காகக் குற்றச்சாட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 133ஆவது பிரிவு ‘அதிகாரிக்கும் கனவானுக்கும் அழகல்லாத நடத்தை’யைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருந்தது. 2021இல் ‘கனவான்’ மட்டும் நீக்கப்பட்டார், ‘அன்பிகமிங்’ அப்படியே இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலும் இதே சொல் உண்டு.

எனவே உங்கள் அண்ணன் மேல் வந்திருப்பது ஒழுக்கக்கேட்டுப் புகார் இல்லை, ‘உங்கள் பொறுப்புக்கு இது அழகல்ல’ என்ற புகார். ‘நான் எந்த விதியையும் மீறவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதற்குப் பதிலாகாது. எந்தச் சூழ்நிலையில், எதற்காகக் குரல் உயர்ந்தது என்பதை அவர் எழுத வேண்டும். அப்புறம், அம்மாவிடம் அந்த வரியை ‘அழகல்லாத நடத்தை’ என்றே படித்துக் காட்டுங்கள்.