காட்டுயிர்க் கடத்தலும் பசுமைக் குற்றவியலும்

கேள்வி: வேட்டையைத் தடுப்பது வனத்துறையின் வேலை. குற்றவியல் பேராசிரியர்கள் அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

பதில்: வேட்டைக்காரர் பிடிபட்டதும் வழக்கு முடிந்ததாகப் பலர் எண்ணுகிறோம், அந்த உயிர் யாருக்காக, எவ்வழியே, எவருடைய துணையோடு எல்லை கடக்கவிருந்தது என்ற கேள்வியோ அப்போதுதான் தொடங்குகிறது. அமெரிக்கக் குற்றவியலாளர் மைக்கேல் லிஞ்ச் 1990இல் பெயரிட்ட பசுமைக் குற்றவியல் அக்கேள்வியைத் தொடர்ந்து செல்லும் துறையாகும். பிரிட்டனின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தான்யா வயட், ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதியில் ரோமத் தோலுக்காகக் கொல்லப்படும் விலங்குகளும் வல்லூறுகளும் கடத்தப்படுவதை ஆராய்ந்தவர். இவ்விரு கடத்தல்களும் ஒன்றுபோல் நடப்பவையல்ல: உரித்த தோலைப் பதுக்கி வைத்து, உரிமம் பெற்று விற்கும் தோல்களோடு கலந்துவிடலாம், அப்பகுதியிலுள்ள கம்சாத்காவின் வல்லூறோ அரபு நாடுகளில் வல்லூறைப் பழக்கி வேட்டையாடும் பிரியர்களிடம் உயிரோடு சென்று சேர்ந்தால்தான் விலைபோகும்.

இத்துறையினர் பலரும் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. காட்டுயிர் வணிகம் குறித்து 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் (CITES) என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, பெரும்பாலான உயிரினங்களின் வணிகத்தைத் தடைசெய்யாமல் ஒழுங்குபடுத்தவே செய்கிறது. ஆகவே, அனுமதிச் சீட்டோடு கூண்டில் அடைபடும் பறவைக்கு இழைக்கப்படும் தீங்கை என்னவென்று சொல்வது என அவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியே இத்துறையின் மிகப் பெரிய பங்களிப்பு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.