குதிரைச் சவாரிக்கு ஹெல்மெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குதிரையேற்றம் பழகுபவர்களும் அவர்களின் பெற்றோரும் ஹெல்மெட் பற்றி அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் குதிரைக்கு வயதாகிவிட்டது, பரம சாது. ஓட விடுவதே இல்லை, நடை மட்டும்தான். அதற்கும் ஹெல்மெட் அவசியமா?

அவசியம். குதிரையின் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், விழும் உயரத்தைப் பாருங்கள். சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தடையில்லாமல் விழுந்தால் தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். குதிரை அசையாமல் நின்றிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

குதிரையின் குணமும் இதில் உதவாது. சாதுவான குதிரையும் இடறும். கோர்ட்னி கிங்-டை 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையைப் பல நடைகளில் நேர்த்தியாக நடத்திக் காட்டும் போட்டியில் சவாரி செய்தவர். 2010 மார்ச்சில் பயிற்சியின்போது அவருடைய குதிரை தன் காலிலேயே தடுக்கி விழுந்தது. அது முரண்டு பிடிக்கவில்லை, மிரளவும் இல்லை. அன்று அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு முறிந்து சுமார் ஒரு மாதம் கோமாவில் இருந்தார்; பிறகு நடக்கவும் பேசவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சவாரியில் உலகத் தரத்தில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், 'எனக்குத்தான் நன்றாக ஓட்டத் தெரியுமே' என்ற பேச்சுக்கு இடமில்லை.

கேள்வி: ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெர்மோகோல். அது எப்படித் தலையைக் காப்பாற்றும்?

நசுங்கித்தான் காப்பாற்றுகிறது. வெறும் தலை கல்தரையில் மோதினால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். மண்டையோடு நின்ற பிறகும் உள்ளிருக்கும் மூளை நகர்ந்துகொண்டிருக்கும். காயம் அங்கேதான் உண்டாகிறது. இடையில் 2 செ.மீ. நசுங்கக்கூடிய நுரை இருந்தால், நிற்பதற்கான தூரம் ஏழெட்டு மடங்கு கூடுகிறது, மூளை மேல் வரும் விசை அதே அளவுக்குக் குறைகிறது. தோராயமாகச் சொன்னால், 1.8 மீட்டரிலிருந்து விழும் தலை 2 செ.மீ. தூரத்தில் நின்றால் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 90 மடங்கு விசை. அதே தலை 3 மில்லிமீட்டரில் நின்றால் 600 மடங்கு.

வெளி ஓட்டுக்கு வேறு வேலை. அடியை ஒரே புள்ளியில் விடாமல் பரவச் செய்வதும், லாடத்தின் விளிம்போ கூரான கல்லோ உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதன் பொறுப்பு. தாடைப்பட்டை இவை இரண்டையும் தலையோடு பிடித்து வைத்திருக்கிறது. பட்டையைப் பூட்டாமல் ஹெல்மெட் அணிபவர்களைப் பற்றி என்ன சொல்வது? தரையைத் தொடுவதற்குள் அது கழன்று பறந்துவிடும்.

இந்த நுரை ஒரு முறைதான் நசுங்கும். பஞ்சு மாதிரி பழைய உருவத்துக்குத் திரும்பாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

கேள்வி: வீட்டில் சைக்கிள் ஹெல்மெட்டும் பைக் ஹெல்மெட்டும் இருக்கின்றன. ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. சைக்கிள் ஹெல்மெட் பின்னந்தலையின் கீழ்ப்பகுதியைச் சரியாக மூடாது. குதிரையிலிருந்து பின்பக்கமாக விழுபவர்களுக்கு அடிபடும் இடம் அது. அதன் காற்றுத் துளைகளும் பெரியவை. குளம்பின் முனையோ மரக்கிளையோ அவற்றில் நுழைந்துவிடலாம். குதிரை மேலே சாய்ந்தால் தாங்குமா என்ற நசுக்கல் சோதனை அதற்கு நடப்பதில்லை.

முழு முகம் மூடிய பைக் ஹெல்மெட்டின் குறை நேரெதிரானது. ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ வரை எடை. சவாரி ஹெல்மெட் பெரும்பாலும் ஏறக்குறைய அரை கிலோதான். துள்ளுநடையில் அந்தக் கூடுதல் எடையைக் கழுத்து சுமக்க வேண்டும். காதை மூடுவதால் பயிற்சியாளரின் குரலும் பின்னால் வரும் குதிரையின் குளம்பொலியும் மங்கிவிடும்.

கேள்வி: சரியான அளவு எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் போட்டுப் பார்த்தால் எல்லாமே பொருந்துவதுபோல்தான் இருக்கிறது.

தையல் டேப்பைப் புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே, காதுகளுக்குச் சற்று மேலே, பின்னந்தலையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி வைத்து அளக்க வேண்டும். சவாரியின்போது முடியை எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு அளக்கவும். கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணிக்கக் கூடாது. அது ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், விழும்போது நழுவவும் விடும். பிடரியில் தாழ்வாக ஒரு பின்னல் போதும். கிளிப்பும் ஹேர்பின்னும் வேண்டாம். அடிபட்டால் அவை தோலுக்குள் இறங்கும்.

சுற்றளவு சரியாக இருந்தும் பொருந்தாமல் போவதுண்டு. காரணம் தலையின் வடிவம். நெற்றியும் பின்னந்தலையும் அழுந்தி, பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் உங்கள் தலை நீள்வட்டம், ஹெல்மெட் வட்டம். நெற்றிப்பொட்டுகள் அழுந்தி, முன்னும் பின்னும் ஆடினால் அதற்கு நேர்மாறு. இரண்டிலும் பெரிய அளவுக்கு மாறுவது தீர்வல்ல. வேறு மாடலைத் தேடுங்கள்.

பிறகு சோதனை. நெற்றியில் முதலில் பதித்துப் பின்பக்கமாக இறக்குங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு ஏறத்தாழ இரண்டு விரல் மேலே, தரைக்கு இணையாக நிற்க வேண்டும். தொப்பி மாதிரி பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றி திறந்துவிடும். பட்டையைப் பூட்டாமலேயே தலையை மேலும் கீழும், இடவலமும் ஆட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு வர வேண்டும். கையால் பிடித்து மெல்ல அசைத்தால் புருவமும் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தோல்மேல் வழுக்கினால் அது பெரிது. பின்புறம் திருகு இருக்கும் மாடல்களில் அதை இறுக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். திருகு நுணுக்கமான சரிசெய்தலுக்குத்தான், தவறான அளவைச் சரியாக்க அல்ல.

கடைசியாகப் பட்டை. இரு பக்கத்திலும், முன்பட்டையும் பின்பட்டையும் சேரும் இடம் காதுமடலுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். தாடை நுனியில் இல்லாமல், தாடைக்கு அடியில் தொண்டையோடு ஒட்டிப் போக வேண்டும். பூட்டிய பின் ஒரு விரல் நுழையலாம், இரண்டு கூடாது. இப்போது பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால் வாங்காதீர்கள். கால் மணி நேரம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். தலைவலி வந்தால் அதுவும் உங்கள் ஹெல்மெட் அல்ல.

சில மாதப் பயன்பாட்டில் உட்பஞ்சு அமுங்கி, இறுக்கமாக இருந்தது தளரும். அப்போது இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: பிள்ளை வளர்கிற வயது. ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா?

சட்டையை அப்படி வாங்கலாம். ஹெல்மெட்டை வாங்கக் கூடாது.

கேள்வி: லேபிளில் ஏதேதோ எண்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

குதிரையேற்றத்துக்கென்றே இருக்கும் தரநிலைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும்: அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1163 (கூடவே, சோதித்துச் சான்றளிக்கும் எஸ்இஐ அமைப்பின் முத்திரை), பிரிட்டனின் பிஏஎஸ் 015, ஐரோப்பாவின் விஜி1 அல்லது இஎன் 1384. இஎன் 1384 என்றால் ஆண்டைப் பாருங்கள். 1996, 2012 பதிப்புகள் பழையவை. 2017 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் முத்திரை இருந்தால் சோதனை இன்னும் கண்டிப்பானது.

இந்தச் சோதனைகளில் என்ன நடக்கிறது? ஏஎஸ்டிஎம் முறையில், உலோகத் தலை உருவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி 1.8 மீட்டரிலிருந்து தட்டையான இரும்பு மேலும், 1.3 மீட்டரிலிருந்து லாட விளிம்பு போன்ற கூர்மையான இரும்பு மேலும் விழ விடுகிறார்கள். உள்ளே பதிவாகும் உச்ச விசை புவியீர்ப்பின் 300 மடங்கைத் தாண்டக் கூடாது. பிஏஎஸ் 015இல் ஹெல்மெட்டை இருபுறமும் அழுத்தி நசுக்கியும் பார்க்கிறார்கள்.

சவாரி ஹெல்மெட் மாதிரியே வெல்வெட் போர்த்திய தொப்பிகளும் கிடைக்கின்றன. உள்ளே 'உடை அலங்காரத்துக்கு மட்டும்' என்ற பொருளில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அது தொப்பி, அவ்வளவுதான்.

மிப்ஸ் என்ற பெயரையும் பார்த்திருப்பீர்கள். சாய்வாக அடிபடும்போது தலை சுழலும். அந்தச் சுழற்சியும் மூளைக்குக் கேடு. தலைக்கும் நுரைக்கும் நடுவே 10 முதல் 15 மி.மீ. வழுக்கி நகரும் ஒரு மெல்லிய படலம்தான் மிப்ஸ். இருந்தால் நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகம் 2022 முதல் சவாரி ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பெண் தருகிறது, சுழற்சியையும் கணக்கில் எடுத்து. விலை கூடியவை எல்லாம் அந்தப் பட்டியலில் மேலே வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: போன மாதம் விழுந்தேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

தலை தரையில் பட்டதா? பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். வெளி ஓடு வளைந்து மீண்டும் நிமிர்ந்துவிடும். அதற்கு அடியில் நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் நசுங்க எதுவும் மிச்சமிருக்காது. பழைய ஹெல்மெட்டை இரவல் வாங்குவதும், யாரோ பயன்படுத்தியதை விலைக்கு வாங்குவதும் இதனால்தான் கூடாது. அதன் வரலாறு யாருக்கும் தெரியாது.

விழாமலே இருந்தாலும், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். வியர்வை, வெயில், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து பசையையும் பட்டையையும் தளர்த்திவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹெல்மெட்டை விட்டுப் போகாதீர்கள். அந்தச் சூடு நுரையைச் சிதைக்கும். வெளி ஓட்டைப் பெயின்ட் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைக்க வேண்டாம். கண்ட பெயின்ட், ஸ்டிக்கர் பசை வேண்டாம். மிதமான சோப்பு நீரும் துணியும் போதும். உள்துணி கழற்றக்கூடியதாக இருந்தால் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: ஏறும்போதுதான் ஹெல்மெட் போடுகிறேன். சரிதானே?

தாமதம். குளம்பு சுத்தம் செய்யக் குனியும்போது உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். லாயத்திலிருந்து வெளியே நடத்தி வருவது, வண்டியில் ஏற்றுவது, சேணம் பூட்டுவது என எல்லாமே உதை படக்கூடிய நேரங்கள். சிறுவர்களுக்கு விதி எளிது: குதிரையின் அருகே போகும் முன்பே பட்டை பூட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: டிரெஸ்ஸாஜ் வீரர்கள் உயரமான கறுப்புத் தொப்பியோடு ஆடுவதைப் படங்களில் பார்க்கிறோமே?

பழைய படங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு ஆடித் தங்கம் வென்றார். 2021 தொடக்கத்திலிருந்து சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி அந்தத் தொப்பிக்கு இடமே இல்லை.

கேள்வி: சூப்பர்மேன் பட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் ஹெல்மெட் போட்டிருந்தாரே, அப்படியும் முடங்கிப் போனாரே?

உண்மை. 1995 மே மாதம், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓட்டும் கிராஸ் கன்ட்ரி போட்டியில், குதிரை தாண்டாமல் நின்றுவிட, அவர் தலைகுப்புற விழுந்தார். உடைந்தவை கழுத்தெலும்பின் மேல் இரண்டு கண்ணிகள். எந்தச் சவாரி ஹெல்மெட்டும் கழுத்தைக் காப்பதில்லை, அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். மூளை அதிர்ச்சியையும் அது முழுவதுமாகத் தடுக்காது, குறைக்கும். அது செய்வது மண்டையோட்டு முறிவையும் மூளைக்குள் பெரிய இரத்தக் கசிவையும் தவிர்க்க உதவுவது. அந்த ஒன்றுக்காகவே அணியலாம்.

கிராஸ் கன்ட்ரி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: முன்புறம் நிலையான விளிம்பு இல்லாத ஹெல்மெட்டே அங்கே அணியப்படுகிறது. விளிம்பு தரையில் குத்தினால் தலை பின்னால் மடங்கும்.

கேள்வி: ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் மற்ற குதிரைகளை நிறுத்துங்கள். ஓடிய குதிரையை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து வலியோ, கைகால் மரத்துப்போனதாகச் சொல்வதோ, மயக்கமோ இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் கழற்றட்டும்.

எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது. விழுந்ததும் ஏறினால்தான் பயம் போகும் என்ற பழைய வழக்கம் தலைக் காயத்துக்குப் பொருந்தாது. மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சு மெதுவாவது ஆகியவையே போதுமான அறிகுறிகள். மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனை. முதல் ஒன்றிரண்டு நாள் அவரைத் தனியாக விடாதீர்கள். அறிகுறிகள் முழுவதும் நின்று மருத்துவர் சம்மதித்த பிறகு, புதிய ஹெல்மெட்டோடு, நடையிலிருந்து தொடங்கலாம்.