வேகம் இருந்தும் கோல் ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது?

கலியாணப் படங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினால், அம்மா கனடாவிலுள்ள அக்காவோடு கதைக்கும் வட்ஸ்அப் கோல் விட்டு விட்டுக் கேட்கிறது. வேகச் சோதனையில் நல்ல எண்தான் வருகிறது. ரூட்டரை மாற்ற வேண்டுமா? (ஸ்டூடியோ உரிமையாளர், பரந்தன்)

காசு செலவழிக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியில் 8.8.8.8 என்ற முகவரிக்கு விடாமல் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுவிட்டு, மில்லிசெக்கனில் வரும் எண்களைப் பாருங்கள். இணைப்பு சும்மா இருக்கும்போது 60, 65, 62 என்று ஓடும். இப்போது படங்களை ஏற்றுங்கள். எண் 300, 900, 1800 என்று ஏறி, ஏற்றுவதை நிறுத்தியதும் மளமளவென்று பழைய 60க்கு இறங்கினால் பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில்.

நடப்பது இதுதான். உங்கள் ஏற்று வேகம் 2 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 20 இலட்சம் பிட்) என்று வைப்போம். மோடத்துக்குள் 512 கிலோபைட் நினைவகம் (பஃபர்) பொதிகளை, அதாவது தரவின் சின்னத் துண்டுகளை, வரிசையில் நிறுத்தி வைக்கிறது. படங்கள் அதை நிரப்பிவிட்டால், கடைசியாக வரும் பொதி வெளியேற ஏறக்குறைய 2 செக்கன் ஆகும். அம்மாவின் குரல் செக்கனுக்குப் பல சின்னப் பொதிகளாகப் போகிறது. அவை எல்லாம் படங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. 2 செக்கன் என்றால் கதைக்கவே முடியாது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைத் துரத்திப் பிடித்தார். இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர்.

மருந்து இலவசம். வரிசை மோடத்துக்குள் இருக்கும்வரை அதில் நீங்கள் கைவைக்க முடியாது. அதை உங்கள் ரூட்டருக்குக் கொண்டுவாருங்கள். ரூட்டரில் ஏற்று வேகத்தை 1.8 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தினால் மோடம் நிரம்பாது, வரிசை உங்கள் கைக்குள் வந்துவிடும். அப்புறம் அந்த வரிசைக்கு 'எஃப்க்யூ கோடெல்' அல்லது 'கேக்' முறையைத் தெரிவு செய்யுங்கள். இவை பொதிகளை முறை வைத்து அனுப்பும், தேங்கி நிற்கும் வரிசையில் பொதியைக் கைவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டரிலும், ரூட்டர்ஓஎஸ் 7 மென்பொருள் ஓடும் மைக்ரோடிக் நிறுவன ரூட்டரிலும் இரண்டும் உண்டு. சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீரை முறை வைத்துத்தானே வயலுக்கு விடுகிறோம்? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வாய்க்கால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. பெரிய படக்கோப்பு தன் வாய்க்காலில் மட்டும் காத்திருக்கும். ஏற்றும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும், அதற்கு ஈடாக அம்மா தடையில்லாமல் கதைப்பார். என்னைக் கேட்டால் இது இலாபமான பேரம்.

பெரிய பக்கேஜுக்கு மாறினேன். மகளின் ஸூம் வகுப்பு இன்னும் நிற்கிறது. (புதுக்குடியிருப்பு)

மேலே சொன்ன பிங் சோதனையைச் செய்யுங்கள். பெரிய பக்கேஜிலும் ஒரு கைபேசி தன் படங்களைத் தானாகச் சேமிக்கத் தொடங்கினால் ஏற்று வழி நிரம்பிவிடும். பக்கேஜை இன்னும் உயர்த்த வேண்டாம்.

அலுவலக ஐபி தொலைபேசிகளின் பொதிகளுக்கு டிஎஸ்சிபி 46 குறி இட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லையே? (வவுனியா)

டிஎஸ்சிபி என்பது பொதியின் முன்னுரிமையைச் சொல்லும் எண், 46 குரலுக்கானது. அந்தக் குறி பொதியின் நெற்றியில் ஒட்டிய சீட்டு மட்டுமே. அதை வாசித்து வழிவிடும் வரிசை எங்காவது இருக்க வேண்டும். இணையத்தோடு தொடுக்கும் உங்கள் எல்லை ரூட்டரில் முன்னுரிமை வரிசையை அமைக்காவிட்டால் சீட்டை வாசிக்க ஆளில்லை. இணையத்துக்குள் போனபின் பல வலையமைப்புகள் அந்தக் குறியை மதிப்பதில்லை, சில அழித்தே விடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் குரலுக்கு உச்ச முன்னுரிமை கொடுத்தேன், ஆனால் மேல் எல்லை வைக்கவில்லை. பிறகு யாரோ கமரா காணொளிக்கும் அதே குறியை இட்டார்கள். காலை 9 மணிக்குக் கமராக்கள் முழு இணைப்பையும் எடுத்துக்கொள்ள, மின்னஞ்சல் ஒன்றும் நகரவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போனது. முன்னுரிமை வரிசைக்கு இணைப்பு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எல்லை வையுங்கள். சுருக்காத ஒரு குரல் அழைப்புக்கு ஒரு திசையில் 100 கேபிபிஎஸ் (0.1 எம்பிபிஎஸ்) தாராளம்.

பொதியைக் கைவிடுவது இழப்பல்லவா? பெரிய பஃபர் வைத்தால் எல்லாம் போய்ச்சேருமே, ஐயா? (பொறியியல் மாணவர், அறிவியல்நகர்)

நல்ல கேள்வி, தம்பி. இணையத்தில் தரவைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை டிசிபி. அந்த முறையில் அனுப்பும் கணினிக்கு வழியில் நெரிசல் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் ஒரு பொதி தொலைவதிலிருந்துதான். பெரிய பஃபர் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. அனுப்புபவர் இன்னும் வேகமாகத் தள்ளுவார்.

கட்டுப்பாடில்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் பார்த்தார்கள். 400 யார் இடைவெளியில் இருந்த இரு நிறுவனங்களுக்கிடையே வேகம் செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் டிசிபிக்கு அடங்கி நடக்கும் முறையைத் தந்தார். அவரும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012இல் கொண்டுவந்ததுதான், மேலே சொன்ன எஃப்க்யூ கோடெலுக்கு அடிப்படையான கோடெல். அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பொதி எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிசெக்கன் முழுவதும் காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காவிட்டால் ஒரு பொதியைக் கைவிடுகிறது. சடுதியாக வந்து கலையும் கூட்டத்தை விட்டுவிடுகிறது, கலையாமல் நிற்கும் வரிசையைத்தான் பிடிக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

4ஜி ரூட்டரின் வேகம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ரூட்டரின் வேகக் கட்டுப்பாட்டுக்கு எந்த எண்ணைப் போடுவது? (மாங்குளம்)

ஒரு கிழமைக்குக் காலை, பின்னேரம், இரவு 8 மணி என்று மூன்று நேரமும் அளந்து எழுதுங்கள். இரவு 8 மணிக்கு வரும் எண்தான் பெரும்பாலும் மிகக் குறைந்தது. அதற்குச் சற்றுக் கீழே போடுங்கள். பகலில் கொஞ்சம் வேகத்தை இழப்பீர்கள், உண்மைதான். அது பொறுக்காவிட்டால் இரண்டு அமைப்பு வைத்து நேரத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்த வளவிலிருந்து ஒரு பழைய போன் இணைந்தால் எல்லோருக்கும் மெதுவாகிறது. (ஒட்டுசுட்டான்)

சிக்னல் குறைந்த போன், ஒரே அளவு தரவுக்கு வைஃபையின் நேரத்தைப் பல மடங்கு எடுத்துக்கொள்ளும். ரூட்டரை அந்தப் பக்கத்து யன்னலுக்குக் கிட்ட மாற்றி வைத்துப் பாருங்கள்.