வெறும் பாறைதானே? – கடிதம், பதில்

அன்புள்ள அம்மா,

ஜனவரியில் குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வருகிறது. நானும் மனைவியும் ஐடியில் வேலை பார்க்கிறோம், மடிப்பாக்கத்தில் வீடு. கல்யாணமானதிலிருந்து பாண்டிச்சேரியைத் தவிர சேர்ந்து எங்கேயும் போனதில்லை. கொஞ்சம் ட்ரெக்கிங், கொஞ்சம் ஊர் சுற்றல் என்று ஏலகிரி, ஜவ்வாது மலை, ஏற்காடு மூன்றையும் மூன்று நாளில் பார்க்க ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன். மனைவி செஞ்சிக்குப் போகலாம் என்கிறாள். அங்கே வெறும் பாறையும் வெயிலும்தானே? அவளால் அவ்வளவு படி ஏறவும் முடியாது. எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லுங்கள்.

ஆர்., மடிப்பாக்கம்

அன்புள்ள ஆர்.,

தம்பி என்றே கூப்பிடுகிறேன், அதற்கு எனக்கு வயது இருக்கிறது.

பயண ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், வீடியோவோடு. ‘வெறும் பாறையும் வெயிலும்தானே’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால் இதையும் விட்டிருப்பேன். செஞ்சிப் பக்கத்து மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் சரியாக அங்கே வந்து கல்லெறிகிறீர்கள்.

முதலில் அந்த அட்டவணை. ‘வியூ பாயின்ட், 20 நிமிடம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘டீ, 10 நிமிடம்’ என்று அடுத்த கட்டம். தம்பி, ஆபீஸ் வேலையை இப்படிப் பிரிக்கலாம். மனைவியோடு டீ குடிப்பதற்கா நேரம் குறிப்பீர்கள்? நீங்கள் பார்க்கப்போவது டோல்கேட்டுகளும் கொண்டை ஊசி வளைவுகளும்தான். ஏலகிரியில் 14, ஏற்காட்டில் 20. ஜவ்வாது மலைக்கு மட்டுமே மூன்று நாள் போதாது. தூக்கிப் போடுங்கள்.

ஏலகிரியும் ஏற்காடும் நல்ல ஊர்கள்தான், எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. மே மாதம் கேட்டிருந்தால் நானே ஏற்காட்டுக்குப் போங்கள் என்றிருப்பேன். ஜனவரியில் எதற்குக் குளிரைத் தேடி அவ்வளவு தூரம் ஓட வேண்டும்? மலை என்றால் குளிர வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும், மேலே ஓர் ஏரியும் படகும் வேண்டும் என்கிற ருசி நமக்கு வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் வீடு கட்டிக்கொண்டார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களை விரட்டின, போனார்கள். ஸ்வெட்டர் போட்டால்தான் மலை என்று நாம் ஏன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம்?

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பித் திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும். உருண்டைக் கற்களை யாரோ குவித்துவிட்டுப் போனதுபோல. யாரும் குவிக்கவில்லை. ஒரே பாறைதான். அதன் விரிசல்களில் தண்ணீர் இறங்கி இறங்கி, மூலைகள் முதலில் உளுத்து உதிர்ந்து, நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிட்டது. நான் பார்த்து அலுக்காத நிலம் அது.

மடிப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே பல்லாவரம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் கல்லிலிருந்துதான். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளை நாம் என்ன செய்தோம்? வெடிவைத்து ஜல்லியாக்கினோம். கல்குவாரிக் குழிகள்தான் மிச்சம். ஒன்றை வெறும் பாறை என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அதை உடைக்க யாருக்கும் மனம் வலிக்காது. அதனால்தான் உங்கள் வரி என்னை இவ்வளவு உறுத்துகிறது.

இப்போது மண்டகப்பட்டு. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே போக வேண்டும். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த சின்னக் குகைக்கோயில். இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்கிறது. விசித்திரசித்தன் மகேந்திரனின் பட்டப்பெயர். கவனியுங்கள். ஓர் அரசன், தான் கட்டிய கோயிலில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைக்கவில்லை, என்னென்ன இல்லை என்று எழுதி வைத்திருக்கிறான். வெறும் பாறைதான் என்பது அவன் அடித்துக்கொண்ட தம்பட்டம். நீங்கள் அதையே குறையாகச் சொல்கிறீர்கள்.

செஞ்சியை ஒட்டியே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரு பெரிய பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரனுக்கும் முந்தியது. அந்தக் குன்றில் நிழல் குறைவு, கடை ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தேர்ந்தெடுத்த இடம் அது.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி நீங்களே படித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் வந்து, மராத்தியர் கையில் இருந்த கோட்டையை முற்றுகையிட்டார், பிடித்தது 1698இல். அத்தனை வருடம் மொகலாயப் படையை நிறுத்தி வைத்ததில் மராத்தியரின் வீரத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் பாறைக்கும் உண்டு. 2025இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12ஐ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். தேசிங்கு ராஜா கதையை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன். பாண்டிச்சேரி போனதாகச் சொன்னீர்கள், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களில் சாய்ந்து படம் எடுத்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை.

சரி, உங்கள் மனைவி. ‘அவளால் ஏற முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? செஞ்சிக்குப் போகலாம் என்று சொன்னதே அவர்தான். மலைக்கோட்டையில் படிகள் இருக்கும் என்று தெரியாமலா சொல்லியிருப்பார்? உங்களுக்கு அங்கே போக இஷ்டமில்லை, அதற்கு அவருடைய காலைக் காரணம் காட்டுகிறீர்கள். இதை எல்லாக் கணவர்களும் செய்வார்கள். நீங்கள் எழுத்திலேயே செய்துவிட்டீர்கள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் கணவருடைய ஆபீசில் எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்று போய்வந்து ஆல்பம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைப் பாரிமுனையில் பஸ் ஏற்றிச் செஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திண்டிவனம் வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரிக்குக் கீழே கல்யாண மஹால் பக்கம் வந்ததுமே அவருக்கு இளைப்பு வந்துவிட்டது, வீசிங் உண்டு. ‘நீ போய்ட்டு வா’ என்றார். புதுப்பெண், பட்டுப்புடவை வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பெண் பிள்ளைகள் கூட்டம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதில் சேர்ந்துகொண்டேன். ஏறத்தாழ 800 அடி. ஓர் இடத்தில் செங்குத்தான பிளவு வரும், அதன் மேல் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால்தான் உச்சிக் கோட்டை. பிள்ளைகள் கீழே பார்த்துக் கூச்சல் போட்டார்கள், நானும் போட்டேன். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், காற்று. அங்கிருந்து பார்த்தால் மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில் முழுசாகத் தெரியும்.

இறங்கி வந்தபோது அவர் அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பாலம் எப்படி இருந்தது, பிளவு எவ்வளவு ஆழம், களஞ்சியத்துக்குள் போனாயா, ஒன்று விடாமல் கேட்டார். அவருக்குத்தான் அந்த மலையைப் பார்க்க ஆசை, ஏறியது நான். திரும்பும் பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் கடைசிவரை ராஜகிரி ஏறவில்லை. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பாலத்தைப் பற்றி நேரில் பார்த்தவர்போலவே பேசுவார், நான் திருத்தியதில்லை.

ஆகவே தம்பி, யார் ஏறுவது, யார் கீழே இருப்பது என்பதைப் படிக்கட்டில் போய் முடிவுசெய்துகொள்ளுங்கள். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், பிற்பகலில் மேலே விடமாட்டார்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும், தின்பண்டத்தைக் கவரில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். ராஜகிரி கஷ்டமாகத் தோன்றினால் சாலைக்கு அந்தப் பக்கம் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி இருக்கிறது, உயரம் குறைவு. ஷூ எந்த பிராண்ட் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

தங்குவதற்குத் திண்டிவனம் அல்லது திருவண்ணாமலை. என்னைக் கேட்டால் திருவண்ணாமலை, சாப்பாடு நன்றாக இருக்கும். அறை போடுவதற்கு முன் காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது.

அன்புடன்.