ஸ்லாலம் கேனோ நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. என் கையில் பலம் போதாதா, கயாக்குக்கு மாறிவிடலாமா?

கேள்வியை மூன்று முறை படித்தேன். இலங்கை மலையகத்தின் டிக்கோயாவிலிருந்து பஸ் ஏறி, களனி கங்கைக் கரையில் உள்ள கித்துல்கலைக்கு வருகிறீர்கள். தெரிந்தவர் ஒருவரின் பழைய வள்ளத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றும் அது நேராகப் போகவில்லை. எழுத்தைப் பார்த்தால் நீங்கள் ஒரு பெண், தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், வயது முப்பதுக்குள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய இருவர், முதலில் தோளையும் கையையும் பலப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

தங்கச்சி, உங்கள் கையில் பலம் போதும். துடுப்பை இடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுக்கிறீர்கள், அதனால்தான் வள்ளம் சுற்றுகிறது. பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். நானும் ஐந்து கிழமை அதையே செய்தேன்.

கயாக்கில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பால் மாறி மாறிப் போடுவார்கள். ஒரு பக்கம் திருப்பியதை மறுபக்கம் சரிசெய்துவிடும். நீங்கள் ஏறியிருப்பது சி-1, அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் கேனோ. அதில் முழங்காலிட்டு, ஒற்றைத் தகடு உள்ள துடுப்பை ஒரே பக்கம் போட வேண்டும். வலப்பக்கம் போட்டால் முனை இடப்பக்கம் விலகும். அதோடு ஸ்லாலம் வள்ளத்தின் அடிப்பகுதி இரண்டு முனையிலும் மேல்நோக்கி வளைந்தது. நீளம் மூன்றரை மீட்டர்தான். ஸ்லாலம் போட்டியில் ஓடும் ஆற்றின் மேல் கழிகளைத் தொங்கவிட்டு வாயில்கள் அமைப்பார்கள்; அவற்றுக்கு இடையே சட்டென்று திரும்பவேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். திரும்புவதற்குப் பிறந்த வள்ளம் திரும்பத்தான் செய்யும்.

இனி என் கதை. நான் வெள்ளைநீர் விளையாட்டில் பட்டம் வாங்கியவள் இல்லை, எந்தப் போட்டியிலும் பதக்கம் எடுத்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து 'இவர் யார் பாடம் நடத்த' என்று கேட்கக்கூடாது. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். 31 வயதில் கித்துல்கலையில் ஆற்றோர விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனேன். அங்கே ரப்பர் படகில் பயணிகளை ஏற்றிப்போகும் பையன்களில் ஒருவர் சிங்களவர், என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை மல்லி என்பேன், சிங்களத்தில் தம்பி. அவர் என்னை அக்கா என்பார். அக்கா என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய சி-1 ஒன்று கொட்டகையின் பின்னால் கிடந்தது. எலி கூடு கட்டியிருந்த அதை நான்தான் கழுவினேன். கழுவியவளே ஓட்டிப் பார்க்கட்டும் என்றார் மல்லி.

பாறைகளுக்குக் கீழே ஆறு அகன்று ஓய்ந்து நிற்கும் ஒரு மடுவில் தொடங்கினோம். துடுப்புக்கு முன்னால் அவர் கற்றுத்தந்தது கவிழ்வது. வேண்டுமென்றே கவிழ்ந்து, தொடைப்பட்டையை விடுவித்து, இடுப்பைச் சுற்றிய நீர்மறைப்புத் துணியின் வளையத்தை இழுத்து, வெளியே வர வேண்டும். பத்துத் தடவை. நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்களா? கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. செய்யவில்லை என்றால் இந்தப் பதிலின் மற்ற பகுதியைப் பிறகு படியுங்கள்.

முழங்காலிடுவது பலருக்கும் பெரிய தொல்லை. பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். தரை துடைத்துப் பழகிய முழங்கால் என்பதால் எனக்கு அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உங்களுக்கு மரத்தால் இறங்கி நடந்துவிட்டு மறுபடி ஏறுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் இருக்கையும் பட்டையும் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும். இடுப்பை அசைத்தால் வள்ளம் அசைய வேண்டும். தளர்வாக இருந்தால் நீங்கள் செய்வது எதுவும் வள்ளத்துக்குப் போய்ச் சேராது.

அதன்பிறகு வட்டம், வட்டம், வட்டம். நான் வேகமாக இழுக்க இழுக்க வள்ளம் வேகமாகச் சுற்றியது. ஐந்தாவது கிழமை மல்லி என் இடுப்புக்கு நேரே வள்ளத்தின் மேல்தளத்தில் ஒரு சிவப்புத் துணியை ஒட்டிவைத்தார். என் பழைய சேலையிலிருந்து கிழித்த துணி. 'துடுப்பு இந்தத் துணிக்கு வந்ததும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அக்கா' என்றார். முழங்காலுக்கு முன்னால் எட்டிப் போட்டு, இடுப்புக்கு வரும்போது எடுத்துவிட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு அங்குலமும் வள்ளத்தைத் தள்ளுவதைவிட அதிகமாகத் திருப்புகிறது. துடுப்புத் தண்டு செங்குத்தாக, வள்ளத்தின் ஓரத்தை உரசுவதுபோல் நிற்க வேண்டும். சாய்ந்தால் அதுவும் திருப்பும்.

அப்படியும் முழுதாகச் சரியாகவில்லை. என்ன குறை என்று கண்டுபிடித்தது என் அம்மா.

அம்மா 34 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எதிரே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும், ஆனால் அதன் ஓரத்துக்குப் போனாலே அடிவிழும். எங்களுக்கு யாரும் நீச்சல் பழக்கவில்லை. தண்ணீருக்கு எதிரே பிறந்து தண்ணீரைத் தொடாமல் வளர்ந்தோம். காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயா என்ற ஆறும் மவுசாக்கலையில் தேங்கும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிக் கித்துல்கலைக்கு வருகின்றன. வேண்டாம் என்று அம்மா தடுத்த அதே தண்ணீரில்தான் நான் முழங்காலிட்டிருந்தேன். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தவர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, 'உன் மேல் கை சும்மாதானே இருக்கிறது? ஒரு கையால் எவளாவது கொழுந்து எடுப்பாளா?' என்று கேட்டார்.

அதுதான் விஷயம். துடுப்பின் தலையைப் பிடித்திருக்கும் மேல் கையை நான் மார்போடு ஒட்டி வைத்திருந்தேன். கீழ்க் கை மட்டும் இழுத்தது. மேல் கை வள்ளத்துக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே நீண்டு, கீழ்க் கைக்கு நேர் மேலாக நிற்க வேண்டும். அப்போதுதான் தண்டு செங்குத்தாகும். இழுப்பது கை இல்லை, முதுகும் இடுப்பும். துடுப்புப் போடும் பக்கத்துத் தோளை முன்னால் கொண்டுபோய்த் தகட்டை ஊன்றி, உடம்பை அவிழ்த்துத் திருப்பினால் வள்ளம் தகட்டை நோக்கி வரும். கொழுந்து எடுக்கிறவர் தனக்கு முன்னால் உள்ள மட்டத்தில்தான் இரண்டு கையையும் ஓட்டுவார், முதுகுக்குப் பின்னால் எட்டிக் கொய்ய மாட்டார். அன்று மாலை மடுவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பதினோரு வீச்சில் நேராகப் போனேன். அம்மா குடையை மடக்கினார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் வள்ளத்தை நீங்கள் துடுப்புப் போடும் பக்கமே இலேசாகத் திருப்புங்கள், அந்தப் பக்கம் சற்றுச் சாயுங்கள். வள்ளம் அந்தப் பக்கம் வளைந்து ஓடத் தொடங்கும். அந்த வளைவின் உள்பக்கத்தில் முன்வீச்சைப் போட்டால், வீச்சு வெளியே தள்ளுவதும் வள்ளம் உள்ளே வளைவதும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். ஏரியில் கேனோ ஓட்டுகிறவர்கள் வீச்சின் முடிவில் தகட்டை வெளிப்பக்கம் திருப்பித் தள்ளி நேராக்குவார்கள். மேல் கையின் பெருவிரல் கீழே பார்க்கும். அதையும் பழகுங்கள், ஆபத்தில் உதவும். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் செய்தால் வேகம் செத்துவிடும்.

திரும்புவதற்கு, பிடியை மாற்றாமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் துடுப்பை முனைக்கு மேலாக மறுபக்கம் கொண்டுபோய் ஊன்றும் குறுக்கு வீச்சு வேண்டும். உங்கள் பக்கம் ஊன்றித் திரும்பும் வீச்சுக்கு டஃபெக் என்று பெயர், மிலோ டஃபெக் என்ற செக் நாட்டு வீரரின் பெயரால் வந்தது. இப்போது முன்னணி வீரர்கள் சிலர் நடுவில் கையை மாற்றிப் பக்கமே மாற்றுகிறார்கள். 'அதைச் சொல்லவில்லையே' என்று எழுதப்போகிறவருக்கு: எனக்கும் தெரியும். மூன்றாவது ஞாயிறில் இருப்பவருக்கு அது வேண்டாம்.

ஓட்டத்துக்குள் போகும்போது ஒரே விதி. பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி வரும் இடத்தை எடி என்பார்கள். அதிலிருந்து ஓட்டத்துக்குள் நுழைந்தாலும், ஓட்டத்திலிருந்து அதற்குள் நுழைந்தாலும், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்து மோதப்போகிறதோ அந்தப் பக்கத்து விளிம்பை முழங்காலால் தூக்குங்கள். தூக்காவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்வீர்கள். நான் முதல் நாளில் நான்கு முறை கவிழ்ந்தேன்.

பெண்களுக்கு சி-1 கடினம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக்கில் ஆண்களின் சி-1 ஸ்லாலம் 1972 மியூனிக்கிலேயே நடந்தது. பெண்களுக்கு அந்தப் பிரிவு 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. ஜெசிகா ஃபாக்ஸ் தங்கம் வென்றார், 2024 பாரிஸில் மறுபடியும் வென்றார். இடைப்பட்ட 49 ஆண்டுகளில் பெண்ணின் தோளில் எதுவும் மாறவில்லை. அவர்களை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே விடாமல் வைப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இது கேள்விக்குத் தொடர்பில்லாதது, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். மூன்றாம் வருடம் ஆற்று வழிகாட்டிப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். விலாசம் எழுதும் இடத்தில் என் வீட்டு விலாசம் கேட்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் அறைக்கு இலக்கமும் இல்லை, தெருவுக்குப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதினேன். நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, ஏதோ ஒரு மேசையில் கிடந்து, நேர்முக நாள் கழிந்து ஒன்பது நாளுக்குப் பிறகு அம்மாவின் கைக்கு வந்தது. உறை பிரிக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு 'வந்ததும் கொடுத்துவிட்டோமே' என்றார்கள். பரீட்சை முடிவும் வேலைக் கடிதமும் வங்கிக் கடிதமும் இப்படிப் பிந்திப்போன வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று மலையகத்தில் பிறந்த எவரையும் கேளுங்கள். ஒரு மனிதருக்குத் தபால்காரர் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். 150 வருடத்துக்கும் மேலாக இந்த மலையில் உழைத்தவர்களுக்கு ஒரு கதவு இலக்கம் தருவது அவ்வளவு பெரிய காரியமா? அந்த ஒன்பது நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, வள்ளத்துக்கு வருகிறேன். மடுவின் மேல் சாய்ந்த மரக்கிளையில் நைலான் கயிற்றால் இரண்டு மூங்கில் கழிகளைத் தொங்கவிடுங்கள். நுனி தண்ணீரைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். அதுதான் உங்கள் வாயில். போட்டியில் பச்சை வாயிலை ஓட்டத்தோடும் சிவப்பு வாயிலை ஓட்டத்துக்கு எதிராகவும் கடப்பார்கள். கழியைத் தொட்டால் 2 விநாடி, தவறவிட்டால் 50 விநாடி தண்டம். இரண்டு கழிக்கு நடுவே முன்னால் போய், பின்னால் வந்து, சுற்றிவந்து பாருங்கள். கழிதான் உங்கள் தவறை உடனே சொல்லும்.

தனியாகப் போகாதீர்கள். தலைக்கவசமும் மிதவை அங்கியும் இல்லாமல் ஏறாதீர்கள். மேலே மின்நிலையங்கள் தண்ணீர் திறந்துவிடுவதைப் பொறுத்துக் கித்துல்கலையில் ஆறு ஏறி இறங்கும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் ஏறும். கரையில் ஒரு கல்லைக் குறித்துவைத்து, அது நனைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நனைந்தால் அன்றைக்குப் போதும்.

கயாக்குக்கு மாறுவதா என்று கேட்டீர்கள். கயாக் பிடித்திருந்தால் மாறுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. கையில் பலம் இல்லை என்ற காரணத்துக்காக மாறாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இடுப்புக்கு நேரே ஒரு சிவப்புத் துணியை ஒட்டிவிட்டு, எத்தனை வீச்சில் மடுவைக் கடந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நீங்கள் வலப்பக்கம் போடுகிறவரா இடப்பக்கமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் இடப்பக்கம். எடிக்குள் எந்தக் கரையிலிருந்து முதலில் நுழைவது சுலபம் என்பது அதைப் பொறுத்து மாறும்.