கீரைக்கட்டுக் கணக்கு

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டி.வி. தொடர்களைப் பற்றி. ஐந்து வருடம் மெகா தொடர்களுக்கு வசனம் எழுதியவள் என்று போன மாதம் இதே பக்கத்தில் உளறி வைத்தேன். அதன் விளைவு. சரி, ஆரம்பிப்போம்.

ஆசை ஆசையாகப் பார்த்த தொடர் ஒரு கட்டத்தில் சகிக்க முடியாமல் போய்விடுகிறது. எந்த நாளில் கெட்டது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
*வாசகி, கும்பகோணம்*

என் மாமியாரிடம் ஒரு வழி இருந்தது, அவருக்கே தெரியாமல். இரவு தொடர் பார்க்கும்போது மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மறுநாளைக்கான முளைக்கீரையை ஆய்வார். கதை நன்றாக இருந்தால் அரை மணி முடிந்தும் கட்டு பாதி அப்படியே கிடக்கும். கதை இளைக்க இளைக்கக் கை வேகமெடுக்கும். ஒரு நாள் முதல் விளம்பரம் வருவதற்குள் இரண்டு கட்டும் முடிந்து, பூண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சொலவடையே உண்டு: 'சுறாவைத் தாண்டிவிட்டது' என்பார்கள். ஏபிசி சேனலில் 1974 முதல் 1984 வரை வந்த 'ஹாப்பி டேஸ்' தொடரில் ஃபான்ஸி என்று தோல் ஜாக்கெட் போட்ட ஒரு பாத்திரம். ஹென்றி விங்க்லர் நடித்தார். 1977 செப்டம்பரில் வந்த ஒரு எபிசோடில் அதே தோல் ஜாக்கெட்டோடு கடலில் நீர்ச்சறுக்கு விட்டு, வலைக்குள் அடைத்திருந்த சுறாமீனைத் தாண்டுவார். பல வருடம் கழித்து, 1985-இல், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அறையில் உட்கார்ந்து 'எந்தத் தொடர் எப்போது கெட்டது' என்று அரட்டை அடித்தபோது ஒருவர் இந்தக் காட்சியைச் சொன்னார். அப்படியே நிலைத்துவிட்டது.

என்னைக் கேட்டால் சுறா மேல் தப்பில்லை. அந்த எபிசோடை மூன்று கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று அதை எழுதியவரே பின்னாளில் வக்காலத்து வாங்கினார். அதற்கப்புறமும் தொடர் ஆறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கோளாறு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அது முதலில் ரிச்சி என்ற பையனின் குடும்பக் கதை. ஃபான்ஸி ஓரத்தில் வந்து போகிற ஆள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தினால் சும்மா நிற்க முடியுமா? வரிசையாக வைத்த குப்பைத் தொட்டிகளை மோட்டார் சைக்கிளில் தாண்ட வைத்தார்கள். குப்பைத் தொட்டி முடிந்தால் அடுத்தது சுறாதானே.

நல்ல கதையை ஏன் ரப்பர் மாதிரி இழுக்கிறீர்கள்? எழுதுகிற உங்களுக்கே வெட்கமாக இருக்காதா?
*வாசகர், விருதுநகர்*

இருந்தது. சம்பளத் தேதியில் சரியாகிவிடும்.

தூர்தர்ஷன் காலத்தில் பெரும்பாலும் 13 வாரம். பதின்மூன்றாவது வாரம் கல்யாணமோ சாவோ நடந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தினத்தொடர் வந்ததும் அந்தச் சுவர் இடிந்தது. 'சித்தி' 1999-இல் ஆரம்பித்து இரண்டு வருடத்துக்குள் முடிந்தது. 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' 800 எபிசோடைத் தாண்டியது, 'கோலங்கள்' 1,500-ஐ. இவை எல்லாம் பேர் வாங்கிய தொடர்கள், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்களை மாதிரி சின்ன யூனிட்டுகள் கதையை விட்டுவிட்டு அந்த எண்ணிக்கையைத்தான் பார்த்தோம்.

எங்கள் தொடர் எதுவென்று சொல்லமாட்டேன். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மாமனார் ஏமாற்றி எழுதி வாங்கிய அப்பா வீட்டு நிலத்தை மூத்த மருமகள் மீட்பாளா, மாட்டாளா? 180-ஆவது எபிசோடில் மீட்டுவிட்டாள். அந்த வாரம் டி.ஆர்.பி. உச்சத்துக்குப் போனது. யூனிட்டில் எல்லோருக்கும் பிரியாணி. கை கழுவும்போதே, "அடுத்து என்னம்மா ட்ராக்?" என்று கேட்டார்கள். "கதை முடிஞ்சுதே சார்" என்றேன். நல்ல ஜோக் கேட்ட மாதிரி சிரித்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. பத்திரம் போலி என்றோம். மாமனாராக நடித்தவருக்கு சினிமா கால்ஷீட் வந்ததால் அவரை கோமாவில் போட்டோம், 38 எபிசோட். கட்டிலில் முகம் முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தது தயாரிப்பு நிர்வாகியின் அக்கா மகன். பேட்டாவும் மதியச் சாப்பாடும் அவனுக்கு. மருமகள் காலடியில் கதறி அழுகிற ஷாட்டில் குறட்டை விட்டு ரீடேக் வாங்கினான். அதுவும் போதாதபோது, "சின்ன மருமகளை கர்ப்பமாக்கிடும்மா" என்றார்கள். சீமந்தம் வைத்தால் ஒரு வாரம் ஓடும். எல்லோரும் பட்டுப்புடவையில் வருவார்கள், நகைக்கடை விளம்பரமும் சேர்ந்து வரும். எழுதினேன்.

இழுப்பதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. பல தயாரிப்பாளர்கள் அந்த அரை மணி நேரத்தைச் சேனலுக்குப் பணம் கட்டி வாங்குகிறார்கள், விளம்பரம் பிடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். புதுத் தொடர் ஆரம்பித்தால் ஜனங்களுக்கு முகங்கள் பழகவே மாதங்கள் பிடிக்கும். அதுவரை நஷ்டம். பழைய தொடர் பாதி ரேட்டிங்கில் ஓடினாலும் அதுதான் லாபம். தொடர் நின்றால் லைட்மேனிலிருந்து டீ கொடுக்கும் பையன் வரை மறுநாள் வேலை கிடையாது. முடிக்கலாம் என்று நான் இரண்டாம் முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு லைட்மேன் மட்டும் என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் சொல்லவே இல்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அங்கே காசுக்கும் பஞ்சமில்லை, இழுக்கவும் இல்லை. ஏன் கெட்டது?
*வாசகர், கோவை*

நாங்கள் இழுத்துக் கெடுத்தோம், அவர்கள் ஓடிக் கெடுத்தார்கள். 2011-இல் தொடர் ஆரம்பித்தபோது, மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நாலு புத்தகம் எழுதியிருந்தார். அதே வருடம் ஐந்தாவது வந்தது. ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். தொடர் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் ஒரு கட்டத்தில் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. போகிற ஊர் தெரியும், வழி தெரியாது என்கிற நிலைமை.

முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. ஆக மொத்தம் 73. இன்னும் வேண்டுமானாலும் எடுங்கள் என்று சேனல் சொல்லியும், எடுத்தவர்கள் இது போதும் என்றார்கள். (எனக்கு யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் தரையில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.) ஆரம்பத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவதுதான் கதையே. வழியில் சத்திரம், சண்டை, துரோகம், இரண்டு பேர் மனசு விட்டுப் பேசுவது எல்லாம் நடக்கும். கடைசி இரண்டு சீசனில் பஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் இறங்கினார்கள்.

டிராகன் வைத்திருந்த ராணி டெனேரிஸ் ஊரை எரித்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவள் அங்கேதான் போய்ச் சேர வேண்டும் என்றால் சேரட்டும். ஆனால் அந்தக் கோபம் அவளுக்குள் திரள்வதை உட்கார்ந்து பார்க்க நமக்கு நேரம் தரவில்லை. எட்டாவது சீசன் நாலாவது எபிசோடில் விருந்து மேசை மேல் காகித காபிக் கோப்பை ஒன்று மறந்துபோய் நின்றதே, ஊரே சிரித்ததே, அதை நான் மன்னிப்பேன். எங்கள் கோமாக் கட்டிலுக்கு அடியில் ஒரு முறை டிபன் கேரியர் தெரிந்தது.

'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டாலே அந்தத் தொடர் கதை முடிந்தது என்று அர்த்தமா?
*வாசகி, திருநெல்வேலி*

எல்லா நேரமும் அப்படி இல்லை. முக்கால்வாசி நேரம் சம்பளத் தகராறு. அதை எங்கள் எழுத்தால் மூடலாம், பத்து நாளில் ஜனங்களும் பழகிவிடுவார்கள். 'எதிர்நீச்சல்' வேறு மாதிரி. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானார். "இந்தாம்மா… ஏய்" என்ற அந்தக் குரலைச் சுற்றித்தான் அந்த வீடே பயந்துகொண்டிருந்தது. அவருக்குப் பதில் வந்த வேல ராமமூர்த்தி கனமான நடிகர், அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் நாம் இன்னொருவரின் குரலைக் கேட்டுக்கொண்டே அவரைப் பார்த்தோம். இதை வீழ்ச்சி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

செத்தவர் உயிரோடு திரும்பி வருவது நம் ஊர் அதிசயம்தானே?
*வாசகர், தஞ்சாவூர்*

அந்தப் பெருமை நமக்குக் கிடையாது. அமெரிக்காவின் 'டாலஸ்' தொடரில் 1985-இல் பாபி யூயிங் செத்துப்போனார். நடித்த பேட்ரிக் டஃபி தொடரிலிருந்து விலகியதால் வந்த சாவு. அவர் இல்லாமல் ஒரு முழு சீசன் ஓடியது. 1986-இல் அவரைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். பாபி பாத்ரூமில் ஷவரில் குளித்துக்கொண்டிருந்தார். நடுவில் நடந்த அத்தனையும் அவருடைய முன்னாள் மனைவி பாம் கண்ட கனவாம்! 31 எபிசோட் கனவு. வேடிக்கை என்னவென்றால் இதிலிருந்து கிளைத்த 'நாட்ஸ் லேண்டிங்' தொடரில் பாபி செத்தது செத்ததுதான். அங்கே யாரும் அந்தக் கனவிலிருந்து விழிக்கவே இல்லை.

சரியான நேரத்தில் முடித்த தொடர் ஒன்றாவது உண்டா?
*வாசகர், சேலம்*

உண்டு. பிரிட்டனின் 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோட். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. 'பிரேக்கிங் பேட்' 62-இல் முடிந்தது. நம் ஊரில் எனக்கு 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். 'ரகசியம்' முடிந்ததும் கதையை இழுத்து மூடிவிட்டு, 'விடாது கருப்பு' என்று வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு பயம். குதிரையில் வருவது யார் என்று தெரிந்த பிறகு அந்தக் குதிரைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கவில்லை. எங்கள் யூனிட்டாக இருந்தால் பண்ணியிருப்போம்.

தொடர் கெட்டுப்போச்சு என்று திட்டிக்கொண்டே என் அம்மா தினமும் பார்க்கிறார். எப்படி நிறுத்துவது?
*வாசகி, வேலூர்*

எதற்கு நிறுத்த வேண்டும்? என் மாமியாரும் எங்கள் தொடரைக் கடைசி வரை பார்த்தார். அதற்குள் கீரை, பூண்டு முடிந்து அரிசியில் கல் பொறுக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார். கடைசி எபிசோடில் எல்லோரும் திருந்தி, சோபாவைச் சுற்றி நின்று சிரித்து, வணக்கம் போட்டார்கள். நானும் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் டி.வி.யை அணைத்தார். அரிசியை டப்பாவில் கொட்டினார். ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று எனக்கு இருந்தது.

"ஏம்மா, அந்தச் சின்ன மருமக உண்டாகியிருந்தாளே, சீமந்தம்கூடப் பண்ணினாங்களே. குழந்தை என்ன குழந்தை?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"பொண்ணுங்க அத்தை" என்றேன்.