புது லேப்டாப்பில் கூடவே வரும் ட்ரையல் மென்பொருள்களை நீக்கலாமா? நீக்கினால் வைரஸ் வருமா, வாரன்டி போகுமா?

தாராளமாக நீக்கலாம். நீக்கியே ஆக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், அதுவும் மகளுடைய போட்டோ, ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் உள்ளே ஏறுவதற்கு முன்னால், பெட்டியைப் பிரித்த கையோடு. நீங்கள் கேட்டிருப்பது கல்லூரிக்குப் போகும் மகளுக்காக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பைப் பற்றி. 30 நாள் ட்ரையல் ஆன்ட்டிவைரஸ், ஆஃபீஸ், ஒரு விபிஎன் (இணைய இணைப்பை மறைத்துக் காட்டும் மென்பொருள்), யாரும் கேட்காத நாலைந்து கேம் எல்லாம் அதில் இருக்கிறது, கடைக்காரர் "எதையும் தொடாதீங்க, சிஸ்டம் போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் புது லேப்டாப் வந்தால் செட் பண்ணிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கிறேன். தொடக்கூடாதவை சில உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஆன்ட்டிவைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு கிடையாது, காலாவதித் தேதி கிடையாது, விண்டோஸ் அப்டேட் வழியாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வேறொரு கம்பெனியின் ஆன்ட்டிவைரஸ் சிஸ்டத்தில் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு ஃபைலையும் சோதித்தால் சிஸ்டம் திணறிப்போகும். அந்த ட்ரையலை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஆகவே நீக்கினால் வைரஸ் வருமா என்ற உங்கள் கேள்விக்கு, அதனால் வராது என்பதே பதில். உண்மையில் கவலைப்பட வேண்டியது ட்ரையல் முடிந்த பிறகும் நீக்காமல் விட்டுவைப்பதைப் பற்றித்தான்: 30 நாள் கழிந்ததும் அது பெரும்பாலும் புது வைரஸ்களின் விவரங்களை வாங்குவதை நிறுத்திவிடும், ஆனால் சிஸ்டத்தோடு சேர்ந்து ஆன் ஆவதையும் மெமரியைப் பிடித்துக்கொள்வதையும் "ரெனியூ செய்யுங்கள்" என்று சிவப்பு ஜன்னல் காட்டுவதையும் நிறுத்தாது.

அந்தச் சிவப்பு ஜன்னல்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், பையன் ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் லேப்டாப் வாங்கினார். ட்ரையல் முடிந்ததும் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று தினமும் வந்ததைப் பார்த்து, லேப்டாப்பே கெட்டுவிடும் என்று நினைத்து, அந்த மாதத் தவணையோடு சேர்த்து ரெனியூவலுக்கும் பணம் கட்டிவிட்டார். ஏற்கெனவே இலவசமாக இருக்கிற ஒரு பாதுகாப்புக்காகத்தான் அவர் கட்டினார், அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அந்த ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், தெரியாதவர்கள்தான் பயந்து பணம் கட்டுகிறார்கள். இவ்வளவு நீளமாக இந்தப் பதிலை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நீக்கும் வழி சுலபம். செட்டிங்ஸைத் திறந்து ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போங்கள் (விண்டோஸ் 10 என்றால் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்று இருக்கும்). ஆன்ட்டிவைரஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி அன்இன்ஸ்டால் கொடுங்கள். "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்பது போல ஒரு திரை வரலாம், பெரிய பளபளப்பான பட்டன் எப்போதும் வைத்துக்கொள்வதற்கானதாக இருக்கும், நீக்குவதற்கானது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், நிதானமாகப் படித்துத் தட்டுங்கள். ஒரே கம்பெனியின் பெயரில் இரண்டு மூன்று வரி இருந்தால் (உதாரணமாக பிரவுசருக்குத் தனியாக ஒன்று வைத்திருப்பார்கள்) எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் ரியல் டைம் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

சில சமயம் பாதி நீங்கி, மிச்சம் ஒட்டிக்கொண்டு டிஃபெண்டரை ஆன் ஆகவிடாமல் தடுக்கும். அதற்கென்றே பெரிய ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் தனி நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. மெக்கஃபிக்கு எம்சிபிஆர் என்று ஒன்று, நார்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால் என்று ஒன்று. இவற்றை அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர லிங்க்குகளைத் தொட வேண்டாம், அன்இன்ஸ்டால் செய்து தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு குப்பையை இறக்கும் தளங்களும், கஸ்டமர் கேர் என்று பொய் நம்பர் போட்டு, எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் மென்பொருள்) போட வைத்து, வங்கிக் கணக்கு வரை போகிறவர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் நீக்கிய பிறகும் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்று வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் அந்த மென்பொருளிலிருந்து வருவதில்லை. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு அலவ் கொடுத்திருப்பார்கள், அந்தத் தளம் ஆன்ட்டிவைரஸ் மாதிரி வேஷம் போட்டு அனுப்புகிறது. குரோம் அல்லது எட்ஜ் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தேடி, அலவ் பட்டியலில் இருக்கும் தெரியாத தளங்களை எல்லாம் எடுத்துவிட்டால் அன்றோடு நின்றுவிடும். "வைரஸ் வந்துவிட்டது" என்று என்னிடம் வருகிற லேப்டாப்களில் பாதிக்கு மேல் இந்தச் சங்கதிதான்.

ட்ரையல் ஆரம்பிக்கும்போது கார்டு நம்பரோ யுபிஐ ஆட்டோபேயோ கொடுத்திருந்தால், மென்பொருளை நீக்குவதால் சந்தா நிற்காது. அந்தக் கம்பெனியின் அக்கவுன்டுக்குள் போய் ஆட்டோ ரெனியூவலை அணைக்க வேண்டும், வங்கி ஆப்பிலோ யுபிஐ ஆப்பிலோ இருக்கும் மேன்டேட்டையும் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட தானியங்கிப் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

சரி, இப்போது ஆஃபீஸ். இங்கே மட்டும் நிதானம் வேண்டும், ஏனென்றால் ட்ரையல் என்று நினைத்து, காசு கொடுத்து வாங்கியதையே தூக்கிப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்களின் விலையிலேயே ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021, அல்லது ஹோம் 2024 சேர்ந்திருக்கும், அது ஆயுள் முழுவதற்கும். வேறு சில லேப்டாப்களில் வருவது மைக்ரோசாஃப்ட் 365-இன் ட்ரையல் மட்டும், அது மாதச் சந்தா சமாசாரம். சிலவற்றில் இரண்டுமே இருக்கும். உங்கள் பில்லிலும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆயுள் ஆஃபீஸ் என்றால் வேர்டைத் திறந்து மகளின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து ஆக்டிவேட் செய்துவிடுங்கள், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். ஒருமுறை அக்கவுன்டோடு இணைந்துவிட்டால் பிறகு தவறி நீக்கினாலும் அதே அக்கவுன்ட் மூலம் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். வெறும் ட்ரையல்தான் என்றால் நீக்கிவிட்டு லிப்ரே ஆஃபீஸ் போடுங்கள், இலவசம், யூனிகோட் தமிழும் நன்றாக ஓடும். கல்லூரி மெயில் ஐடி கொடுத்திருந்தால் அதன் வழியாக ஆஃபீஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள், பல கல்லூரிகளில் கிடைக்கிறது.

கேம், ஷாப்பிங் லிங்க், விபிஎன் ட்ரையல், க்ளவுட் ஸ்டோரேஜ் சலுகை, இதெல்லாம் யோசிக்காமல் எடுக்க வேண்டியவை. ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில ஐகான்களுக்குப் பின்னால் இன்னும் எதுவும் இறங்கியே இருக்காது, நீங்கள் தட்டினால்தான் இறங்கும், அவற்றை வலது கிளிக் செய்து அன்-பின் (மெனுவிலிருந்து எடுப்பது) அல்லது அன்இன்ஸ்டால் கொடுத்தால் போதும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் மட்டும் கொஞ்சம் கவனம்: புது லேப்டாப்பில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையே அது தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும், இலவச இடமோ 5 ஜிபிதான். நீக்குவதாக இருந்தால் முதலில் அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தி, ஃபைல்கள் எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

தொடக்கூடாதவை என்று சொன்னேனே, இவைதான். இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் என்ற பெயர்களில் இருப்பவை பெரும்பாலும் டிரைவர்கள், அதாவது உள்ளே இருக்கும் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்கள், எடுத்தால் சத்தமோ வைஃபையோ டச்பேடோ போய்விடும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று வருஷத்தோடு வரிசையாக நாலைந்து இருக்கும், வெப்வியூ2 என்று ஒன்று இருக்கும், மற்ற மென்பொருள்கள் ஓட அவை தேவை. ஹாட்கீ என்ற பெயரில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. லேப்டாப் தயாரித்த கம்பெனியின் சொந்த ஆப்பையும், அதாவது லெனோவோ வான்டேஜ், மைஆசுஸ், எச்பி சப்போர்ட் அசிஸ்டன்ட், டெல் சப்போர்ட் அசிஸ்ட் போன்றவற்றையும், நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் டிரைவர் அப்டேட்டும் அதன் வழியாக வரும், சிலவற்றில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியும் இருக்கிறது, ஹாஸ்டலில் எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது ரொம்ப உதவும். பெயர் புரியாத எதையும் நீக்கும் முன் அந்தப் பெயரைத் தேடிப் படியுங்கள். சிஸ்டத்தைச் சுத்தமாக்குகிறேன், வேகமாக்குகிறேன் என்று சொல்லும் ரெஜிஸ்ட்ரி க்ளீனர், பிசி பூஸ்டர் என்று எதையும் இதற்காகப் புதிதாக இறக்க வேண்டாம்.

இந்தக் குப்பை ஏன் வருகிறது என்றால், லேப்டாப் விற்பதில் லாபம் குறைவு, ட்ரையலை முன்பே ஏற்றி அனுப்ப மென்பொருள் கம்பெனிகள் காசு கொடுக்கின்றன. இது புதுசும் இல்லை. 2008-இல் சோனி தன் வயோ லேப்டாப்களில் சிலவற்றை இந்த மென்பொருள்கள் இல்லாமல் அனுப்ப 50 டாலர் தனியாகக் கேட்டது, வாங்குபவர்கள் கொதித்ததும் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. வெறும் இடைஞ்சலோடு நின்றால் பரவாயில்லை, 2014 இறுதியில் லெனோவோ தன் சாதாரண லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டு அனுப்பியது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைப்பதற்காக அது ஒரு ரூட் சான்றிதழையே (எந்தத் தளம் உண்மையானது என்று பிரவுசர் நம்புவதற்கான அடிப்படை) சிஸ்டத்தில் பதித்துவிட்டது, அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தபோதுதான் விபரீதம் புரிந்தது: அந்தச் சாவி கையில் இருந்தால் ஒரு காஃபிக் கடை வைஃபையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து மேசைக்காரரின் வங்கித் தளத்தைப் போலியாகக் காட்ட முடியும், பாதுகாப்பான தளம் என்று பிரவுசர் காட்டும் பூட்டுச் சின்னமும் ஒழுங்காகத் தெரியும். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் உள்ளேயே இருந்தது, அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. 2017-இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து லெனோவோ இது தொடர்பான வழக்கை முடித்துக்கொண்டது. கேட்காமல் ஏற்றிய எதையும் சந்தேகத்தோடு பாருங்கள் என்று நான் சொல்வது இதை எல்லாம் பார்த்துத்தான்.

ஒரேயடியாகச் சுத்தம் வேண்டும் என்றால் விண்டோஸையே புதிதாகப் போடலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில், விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் கிடைக்கும், 8 ஜிபி பென்டிரைவ் போதும், விண்டோஸ் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் தனியாகக் கேட்காது. லேப்டாப்பில் இருக்கும் ரீசெட் வசதியை இதற்கு நம்ப வேண்டாம், பல மாடல்களில் அது கம்பெனி ஏற்றிய ட்ரையல்களையும் சேர்த்தே திருப்பிக் கொண்டுவரும். ஆனால் முதலில் ஆஃபீஸை அக்கவுன்டோடு இணைத்துவிடுங்கள், வைஃபை டிரைவரைக் கம்பெனித் தளத்திலிருந்து பென்டிரைவில் எடுத்து வையுங்கள், இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ என்றால் ஸ்டோரேஜ் டிரைவரையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் இன்ஸ்டால் செய்யும்போது சில லேப்டாப்களில் எஸ்எஸ்டியே (எல்லாம் சேமிக்கப்படும் டிஸ்க்) தெரியாது. பழக்கம் இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் விஷயத்தில் மேலே சொன்ன அன்இன்ஸ்டாலே போதும்.

வாரன்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ட்ரையல் மென்பொருளை நீக்குவதால் ஹார்ட்வேர் வாரன்டிக்கு எதுவும் ஆகாது. எப்போதாவது சர்வீஸ் சென்டரில் கொடுத்து அவர்கள் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்தால் எல்லாக் குப்பையும் திரும்ப வந்திருக்கும், அப்போது மறுபடி ஆன்ட்டிவைரஸிலிருந்து ஆரம்பித்து நீக்குங்கள். லிஸ்டில் ஏதாவது பெயர் புரியவில்லை என்றால் அந்தப் பெயரை அப்படியே கீழே எழுதுங்கள், வைக்கலாமா எடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.